முதுகில் ஏறிய மொரியோ

ஏணியிலிருந்து விழுந்ததில் மொரியோவின் கணுக்கால் பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. அவருக்குக் காலைப் பற்றிக் கவலையில்லை. ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றித்தான் கவலை.

அவர் நடத்தும் தங்கும் வீட்டுக்கு மத்தியானப் பேருந்தில் நகோயாவிலிருந்து விருந்தினர் ஹதனோ வருகிறார். மலை முழுக்க இலை சிவந்திருக்கும் பருவத்தில், புல் வேய்ந்த வீட்டில் தங்கி, பைன் மரத்தடியில் முளைக்கும் மட்சுதாக்கே காளான் போட்ட சோறு சாப்பிட வேண்டும் என்பதற்காகவே வசந்தத்திலேயே அறை கேட்டு வைத்தவர். காளான் இன்னும் காட்டில் இருந்தது.

"இடத்தைச் சொல்லுங்க, நான் போய்ப் பறிச்சிட்டு வர்றேன்" என்றாள் அவர் மனைவி கினுயே.

"சொன்னா? நாளைக்கு விடியறதுக்குள்ள உன் அண்ணன் கூடையோட வந்து நிப்பான்."

அந்த ஊரில் யாரும் தன் காளான் இடத்தை இன்னொருவரிடம் சொல்வதில்லை. தகப்பன் மகனிடம் சொல்வதே சாகக் கிடக்கும்போதுதான். அதிலும் கினுயே கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அவளுடைய அண்ணன் ஷிகெஜி காளான் வேட்டையில் பெரிய கை.

"இருபத்தெட்டு வருஷமா உங்க குறட்டை எனக்குத் தெரியும். உங்க கடன்காரன் தெரியும். உங்க அம்மா திட்டுன திட்டெல்லாம் தெரியும். ஒரே ஒரு பைன் மரம் மட்டும் எனக்குத் தெரியக் கூடாது, இல்ல?"

"குறட்டை வேற, மரம் வேற."

கினுயேவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டுத் தரை அடுப்பை இத்தனை வருஷம் அணையாமல் காத்தவள் அவள். ஆனாலும் இன்னும் கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பெண்தான்.

கொட்டகைக்குப் போய் விறகு சுமக்கும் மரச்சட்டத்தை எடுத்துவந்து அவர் முன்னால் குந்தினாள்.

"ஏறுங்க."

"என்னது?"

"இடத்தைச் சொல்ல வேணாம். வழியை மட்டும் சொல்லுங்க. ஏறுங்கன்னா!"

மொரியோ சின்ன உடம்புக்காரர். கினுயே பனிக்காலத்தில் கூரைப் பனியை வாரித் தள்ளியே தோள் அகன்றவள். அவர் அவள் முதுகோடு முதுகாகச் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டார். அவள் இடுப்பில் கரடி மணி கட்டிக்கொண்டு கிளம்பினாள். மணிச் சத்தம் கேட்டால் கரடி விலகிப் போய்விடும்.

கோயில் படிக்கட்டுக்குக் கீழே ஹதனோ எதிரே வந்தார். பேருந்து சீக்கிரமே வந்துவிட்டது போலிருக்கிறது. கழுத்தில் கேமராவோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இது... இந்த ஊர் வழக்கமா?"

"ஆமா, ஹதனோ சான். புருஷனுக்கு அறுபது தாண்டிட்டா மலையில கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவோம்."

"படம் எடுக்காதீங்க!" என்று மொரியோ கத்துவதற்குள் எடுத்தாகிவிட்டது.

"வெந்நீர்த் தொட்டி தயாரா இருக்கு, போய்க் குளிங்க. சாப்பாட்டுக்கு வந்துடுவோம்" என்றாள் கினுயே.

"ரெண்டு பேருமா?" என்றார் ஹதனோ கவலையோடு.

காட்டுக்குள் நுழைந்ததும் மொரியோ அதிகாரம் பண்ண ஆரம்பித்தார். "இடது பக்கம் போ. தலையில கட்டின துண்டைக் கொஞ்சம் கண்ணுக்கு இறக்கிக்கோ."

"இறக்கினா ரெண்டு பேரும் ஓடையிலதான்."

"சரி, வலது பக்கம். மறுபடி வலது."

விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தைக் கினுயே தாண்டினாள். ஓடையைக் கடந்தாள். மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரத்தில் விழுந்து கிடந்த மரம் ஒன்று மறுபடி எதிரே வந்தது. அதே மரம். அவள் கால் பதிந்த சேறுகூட அப்படியே இருந்தது.

வழி மறக்கட்டும் என்று மனுஷன் சுற்றவிட்டிருக்கிறார்!

கினுயே அந்த மரத்தின் மேல் சட்டத்தோடு அவரை இறக்கி வைத்துவிட்டு மேட்டில் ஏறி நடந்தாள்.

"ஏய், கினுயே! எங்க போற? கரடி வந்தா?"

"அதுகிட்டயும் சொல்லிடாதீங்க!"

கோபம் அவளை வெகுதூரம் ஏற்றிவிட்டது. மேலே மண் மெலிந்து, வெயில் விழும் சரிவில் சிவப்புப் பைன் மரங்கள் நின்றன. அவளும் காளான் ஊரில் பிறந்தவள்தானே? மண்டியிட்டு, உதிர்ந்து கிடந்த பைன் ஊசிகளை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். ஓரிடத்தில் தரை லேசாகப் புடைத்திருந்தது. விலக்கினாள். வாசனை மூக்கில் ஏறியது. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று, கொழுகொழுவென்று.

வேண்டிய மட்டும் துண்டில் முடிந்துகொண்டாள். பறித்த குழியை ஊசிகளால் பழையபடி மூடினாள். எழுந்தவள், யாராவது பார்த்திருப்பார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இறங்கி வந்தபோது மரத்தின் மேல் சட்டம் மட்டும் இருந்தது. மொரியோ மேட்டில் பாதி தூரம் தவழ்ந்து வந்திருந்தார். தலையெல்லாம் சருகு.

"மணிச் சத்தம் நின்னுபோச்சு" என்றார். "எத்தனை தடவை கூப்பிட்டேன்! பிளந்த பாறைக்குக் கீழ மூணு மரம், அதுல நடு மரம். போதுமா? உன் அண்ணன்கிட்ட தாராளமா சொல்லிக்கோ. இப்படித் தனியா மட்டும் போகாதே."

கினுயே அவர் தலையிலிருந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்தாள். துண்டின் வாசனை அப்போதுதான் அவருக்குத் தட்டியது.

"பாறைகிட்ட பறிச்சியா?"

"பாறையை நான் பாக்கவே இல்ல."

"அப்போ எங்க?"

"ஏறுங்க."

வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். முதலில் அதட்டி, பிறகு கெஞ்சி. அவள் பாதையை மட்டும் பார்த்து நடந்தாள்.

அன்று இருட்டியதும் ஹதனோ சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து, ஆவியில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "அடேயப்பா! எங்க கிடைச்சுது இது?"

கினுயே கரண்டியை எடுத்துக்கொண்டு சூப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்ல" என்றார் மொரியோ, கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு. "இது இவளோட இடம். கட்டின புருஷன் நான், தவழ்ந்து போய்க் கேட்டும் வாயைத் திறக்கல."

"அப்படியா!"

மொரியோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இந்த ஊர்க்காரி, ஹதனோ சான். அசல் இந்த ஊர்க்காரி."