கிழவருக்கு ஆறு மாசம்

எழுபது வயதுக் கிழவர் ஆறு மாதக் கர்ப்பிணியானதை உலகத்திலேயே நேரில் பார்த்த ஒரே பிறவி தான்தான் என்று அக்கா மார்தட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை கொடுப்பவள். அவள் இருமினால் மூன்றாவது தெருவில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். ஆனால் அன்று மார்தட்டும்போதே உதடு கோணியது.

விஷயம் சிரிப்பதற்கில்லை. கிழவரின் பெயர் ஒட்டிய பையில், வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற ஆறு மாதக் கர்ப்பிணியின் மாத்திரைகள் போயிருந்தன. இதய மாத்திரை கிடைக்காமல் மனிதர் மயங்கி விழுந்து, இன்னும் படுக்கையில் கிடந்தார். மறுநாள் விசாரணை, வேலை போவது ஏறக்குறைய முடிவான மாதிரிதான். திரையில் இருந்ததைத்தான் கொடுத்தேன் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. எல்லாரையும்விட அழுத்தமாக நம்பாதவன் அவளுடைய தம்பி. அந்த மென்பொருளைக் கட்டியவனே அவன்தான்.

கட்டிய விதத்தை அவன் விளக்க ஆரம்பித்தால், கேட்பவருக்குத் தாடி முளைத்து நரைத்தும் விடும். திரையில் வெளியே ஒரு சட்டகம். அதற்குள் திறந்து மூடும் கட்டங்கள், அவன் பாஷையில் பேனல்கள்: நோயாளியின் விவரத்துக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று. தனித்தனியாகச் செய்து மாட்டியவை. ஒன்றுக்கு மற்றதன் முகமே தெரியாது. திரையில் நோயாளி மாறினால் சட்டகம் பொதுவாக ஒரு குரல் கொடுக்கும். காதில் விழுந்த பேனலெல்லாம் புது ஆளுக்குத் தாவிக்கொள்ளும்.

"அவசரத்துல நீதான் பைய மாத்திருப்பக்கா. புரோகிராம்ல அதுக்கு வழியே இல்ல."

"அப்ப என் கண்ணு அவிஞ்சுபோச்சு. உனக்குப் பொண்ணு பாத்ததும் இதே கண்ணுதான்டா, ஞாபகம் வெச்சுக்கோ."

அவன் அலுவலகத்தில் விரல் தேயும்வரை ஆளை மாற்றிப் பார்த்தான். பிசகவே இல்லை. அவன் மேசையில் கட்டில் அகலத்துக்கு இரண்டு திரைகள். எல்லாப் பேனல்களும் கால் நீட்டிப் படுத்திருந்தன.

அக்காவின் வாயை அடைக்கத்தான் அன்று மாலை அவளுடன் மருந்தகத்துக்குப் போனான். அங்கிருந்த திரையைத் தீப்பெட்டிக்குள் வைத்துவிடலாம். அன்று செய்ததை அப்படியே செய்யச் சொன்னான். அவள் கர்ப்பிணியின் மருந்தைப் பார்த்தாள். மருந்துப் பேனலை மூடினாள். கிழவரை எடுத்தாள்.

"ஏன் மூடுற?"

"இடம் எங்கடா இருக்கு? உன் பேனல என் தலை மேலயா விரிக்கிறது?"

மூடியதை மறுபடி திறந்தாள். மேலே கிழவரின் பெயர். கீழே கர்ப்பிணியின் மாத்திரைகள்.

தம்பி திரையருகே குனிந்து இரண்டையும் மாறி மாறிப் படித்தான். புரோகிராம் வேகமாக ஓடட்டும் என்று, மூடிய பேனலைத் தூங்கவைத்ததே அவன்தான். அந்தச் சாமர்த்தியத்துக்காக மேலாளர் முதுகில் தட்டியது இன்னும் இனித்தது. தூங்கியதன் காதில் சட்டகத்தின் குரல் விழவில்லை. எழுந்ததும் இப்போது யார் இருக்கிறார் என்று கேட்க அதற்கு அவன் சொல்லித்தரவும் இல்லை. எல்லாம் விரிந்தே கிடந்த அவன் திரைகளில் எதுவும் தூங்கியதே கிடையாது.

சத்தமில்லாமல் அன்றைக்கே சரிசெய்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அவன் வேலை பிழைக்கும், அக்காவுடையது போகும். மூன்றாவது தெருவை எழுப்பும் அக்காவின் குரல் முதன்முறையாக அடங்கிப்போயிருந்ததுதான் அவனை அறுத்தது.

காலையில் விசாரணை அறையில் அக்கா தன் கதையைச் சொன்னாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை நம்புகிறவர் யாராவது உண்டா என்று கேட்டார்.

கதவோரம் நின்ற தம்பி தொண்டையைச் செருமினான்.

"நடந்தது சார். கிழவருக்கு ஆறு மாசம்னுதான் காட்டுச்சு. நானும் பாத்தேன். காட்டவெச்சதும் நான்தான்."