வலப்பக்கம் இழுக்கும் வண்டி

...நட்டை முழுதாகக் கழற்றாதே, கடைசி இரண்டு சுற்றை விட்டுவை, இல்லாவிட்டால் ஸ்டியரிங் பிய்த்துக்கொண்டு வந்து மூக்கை உடைக்கும் என்று அப்பா சொன்னதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஆட்டுகிறேன், இடம், வலம், மறுபடி இடம்... வரமாட்டேன் என்கிறது, என்னைவிட வயதில் மூத்த ஆம்னி வேன். பேட்டரி ஒயரை எடுத்தாயிற்று, ஹாரன் மூடியை எடுத்தாயிற்று, ஸ்டியரிங்கும் தண்டும் சேருகிற இடத்தில் நகப்பூச்சால் கோடு போட்டாயிற்று, மாற்றி மாட்டினால் கோணலாக நிற்குமாம். ஓரம் நெளிந்ததென்று பீங்கான் கம்பெனி கழித்த கிண்ணங்களில் திருகாணிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மாதமாக வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்கிறார் அப்பா. டயர் மாற்றியாயிற்று, காற்று பார்த்தாயிற்று, மிச்சம் இந்தத் தண்டுதான். செவ்வாய்க்கிழமை பாலத்தில் எதிரே வந்த கரும்பு டிராக்டரிலிருந்து ஒரு முழத்தில் தப்பித்தார்களாம், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் அவர் அந்தப் பீங்கான் பொம்மைக் கம்பெனிக்கு ஏற்றி வருகிற ஆறு பெண்களும். மற்றவர்கள் அலறியிருக்கிறார்கள், ஆராயி அக்கா மட்டும், "கொளஞ்சியண்ணே, நேரா மேலயே எறக்கி வுட்டுறலாம்னு பாக்குறியா, சனிக்கெழம கூலிய வாங்கிட்டாவது வரோமே" என்றாளாம். அதே கம்பெனியில் வேலைசெய்கிற அம்மா கேட்டுவந்து சொல்லிச் சிரித்தாள், அப்பா சிரிக்கவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை, மறுபடி அந்தப் பாலம்...

வந்துவிட்டது, மிச்ச இரண்டு சுற்றையும் கழற்றியாயிற்று. வெளியே பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிற அப்பாவிடம் ஸ்டியரிங்கை நீட்டுகிறேன். வாங்கி, வண்டி ஓட்டுகிற மாதிரியே இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கிறார், விளையாட்டுக்குத்தான், எனக்கும் சிரிப்பு வருகிறது... ஸ்டியரிங் மெல்ல வலப்பக்கம் சாய்கிறது. எதிலும் மாட்டாத ஸ்டியரிங். தண்டு இல்லை, டயர் இல்லை, ரோடு இல்லை, பிறகு எது இழுக்கிறது? நேராக்குகிறார், மறுபடி சாய்கிறது. வலது கை பிடித்திருக்கிறது, இடது கை சும்மா அதன்மேல் கிடக்கிறது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி. அந்தக் கையால் அவர் டீ டம்ளரை வாங்கி எத்தனை நாளாயிற்று, சட்டையைப் பித்தான் கழற்றாமல் ஏன் தலைவழியாக மாட்டுகிறார், சித்திரையில் ஒருநாள் தூங்கி எழுந்து கை மரத்துப்போச்சு என்றாரே, அது வெறும் மரத்துப்போனதுதானா... ஒரே வீட்டில்தானே இருந்தேன், பார்த்துக்கொண்டேதானே இருந்தேன்.

ஸ்டியரிங்கை மடியில் கவிழ்த்துக்கொண்டு, "உள்ள ஜாயிண்ட்டு ஆடுதா பாரு பூர்ணி" என்கிறார். டார்ச் அடித்து, பிடித்து ஆட்டுகிறேன். ஆடவில்லை. புஷ் தேயவில்லை, கிரீஸ்கூடக் காயவில்லை. தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால்? ராத்திரி நிம்மதியாகச் சாப்பிடுவார், காலையில் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போவார்... உண்மையைச் சொன்னால் வண்டி நின்றுவிடும், வண்டி இல்லாத அப்பாவை நான் பார்த்ததே இல்லை, அவர் காலையில் எழுந்து என்ன செய்வார்? நாலு கடை தள்ளி மெக்கானிக் பாண்டியன் இருக்கிறார். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கப் பயந்தே ஒன்பதாவதோடு நின்றுவிட்ட என்னிடம் அப்பா ஏன் ஸ்பேனரைக் கொடுத்தார்? செலவு என்றார். செலவுதானா? நான் எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றா... அப்படியென்றால் அவருக்கு முன்பே தெரியும்...

"ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் நல்லாதான் இருக்குது."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. அப்பா மடியிலிருக்கிற ஸ்டியரிங்கை வலது கையால் நிமிர்த்தி வைக்கிறார். பிறகு, யாரிடமும் அவர் பேசாத ஒரு குரலில், "இன்னொரு தரம் பாரும்மா" என்கிறார்.

குனிந்துகொள்கிறேன். டார்ச்சை அணைத்துவிட்டேன், பார்க்க ஒன்றும் இல்லை, நிமிர்ந்தால் அங்கே அவர் முகம் இருக்கும்... இப்படியே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்?