அண்டாவை விட்ட கை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு மருத்துவமனை நடைவழியில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்த ஒருவர், கையில் கட்டுப் போட்டிருந்த இன்னொருவரிடம் கேட்டார்: "வேணும்னுதானேய்யா விட்ட?"

பதில் வருவதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது பெஞ்ச் காலி. அவர் எதை விட்டார், யாருக்கு என்ன ஆயிற்று, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நரம்பு மண்டலப் பாடம் எழுதிப் பிழைக்கிறவன் நான். கை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு மண்ணும் தெரியாமல் ஒரு மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்களே என்று வீடு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தேன். எனவே மீதியை நானே கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: "மனித மூளையின் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ." (அடித்துவிட்டேன். கறிக்கடையா நடத்துகிறேன்?)

இரண்டாவது: "அன்று வானம் மேகமூட்டமாக" (வானத்துக்கு இங்கே என்ன வேலை?)

மூன்றாவது: தையல்காரி ஒருத்தி. அவளுடைய கணவனும் அண்ணனும் ஒரே தொழிற்சாலையின் சமையற்கூடத்தில் வேலை செய்தார்கள். கொதிக்கும் தண்ணீர் நிறைந்த அண்டாவை ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போனார்கள். கணவன் பின்னோக்கி நடந்தான். தண்ணீர் தளும்பி அவன் கையில் பட்டது. விட்டான். அண்டா சாய்ந்து, அண்ணனின் தொடையிலிருந்து பாதம்வரை வெந்துவிட்டது.

இது இருக்கட்டும். இதில் கதை நடக்கிறது.

மறுநாளே தொழிற்சாலை மேற்பார்வையாளர் மருத்துவமனையில் அண்ணனின் கட்டிலருகே வந்தார். "உங்க மாப்ளதான் வேணும்னு விட்டார்னு சொல்லுங்க. அவரை வேலையைவிட்டு அனுப்பிட்டு உங்க வைத்தியத்தை கம்பெனி பாத்துக்கும். இல்லேன்னா ரெண்டு பேர் கவனக்குறைவு, கம்பெனிக்குச் சம்பந்தமே இல்ல. நாளைக்குச் சாயங்காலம் வர்றேன், யோசிச்சு வைங்க."

ஆறாத கால் ஒரு பக்கம், தங்கை வீட்டு அடுப்பு ஒரு பக்கம். இதைத்தான் யோசித்து வைக்கச் சொன்னார்.

3

அண்ணன் சொல்லி இதைத் தெரிந்துகொண்ட தையல்காரி, அன்றிரவு வீட்டில் கணவனைக் குடைந்தாள்.

"உண்மையைச் சொல்லு. ஏன் விட்ட?"

"தெரியல. கை தானா வந்துடுச்சு."

"தானா வர்றதுக்கு அது என்ன பூனையா?"

அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் திரும்பிப் பாதி தைத்த சட்டையை எடுத்தாள். ஊசி விரலில் குத்தியது. விரல் வெடுக்கென்று விலகியது. அதற்கப்புறம்தான் "ஸ்ஸ்" என்றாள்.

(ஊசியைக் குத்தியது நான்தான். மன்னிக்கவும். விளக்க வேறு வழி கிடைக்கவில்லை.)

இந்த "அப்புறம்தான்" இருக்கிறதே, அதில் ஒரு அரசாங்கமே நடக்கிறது. விரல்நுனியில் வலி உணரும் நரம்பு முனை ஒன்று உண்டு. அது எழுப்பிய செய்தி கை வழியாக ஏறி, முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தைத் தொடுகிறது. விரல் தடிமன்கூட இல்லாத வடம் அது. தலைமையகமான பெருமூளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அது கோப்பை மேலே அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில்லை. அங்கேயே ஒரு சின்ன இடைநரம்பு செய்தியை வாங்கி, தசைக்குப் போகும் நரம்பிடம் கொடுத்துவிடுகிறது. கையை மடக்கும் தசை இறுகுகிறது. நீட்டும் தசையை "நீ சும்மா இரு" என்று தண்டுவடம் அதே நொடியில் அடக்கிவிடுகிறது. கை வந்துவிடுகிறது. செய்தியின் நகல் ஒன்று மேலே போய், மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற சாவடியைக் கடந்து, பெருமூளையின் மேற்பரப்பை அடையும்போதுதான் "வலி" என்ற ஒன்றே பிறக்கிறது.*

* சிறுமூளையை விட்டுவிட்டேனே என்று கேட்பவர்களுக்கு: அண்டாவைத் தூக்கிக்கொண்டு தள்ளாடாமல் நடக்கவைத்தது அதுதான். தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர்களைப் பற்றி எந்த விசாரணையும் பேசுவதில்லை.

ஆக, விட்டது தண்டுவடம். கணவனுக்குத் தகவலே பிறகுதான் வந்தது. அவனிடம் போய் "வேணும்னு" என்ற சொல்லை எடுக்க எந்த முட்டாளுக்கு

(வாக்கியத்தை இங்கே நிறுத்துகிறேன். ரத்தக் கொதிப்பு.)

4

இந்த விளக்கத்தையெல்லாம் தையல்காரியின் வாயில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினேன். என் திட்டப்படி அண்ணன் கண்கலங்கி, "அப்படியா பாப்பா? பாவம் மாப்ள" என்று சொல்ல வேண்டும். கதை முடிந்துவிடும்.

அண்ணன் முழுவதையும் கேட்டார். பிறகு தன் வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். புறங்கை முழுக்கக் கொப்புளம்.

"என் கையிலயும்தான் பட்டுச்சு. எனக்கு மட்டும் தண்டுவடம் இல்லையா? நான் விட்டேனா?"

இதற்கான பதிலை நான் அவளுக்கு எழுதிக்கொடுத்திருக்கவில்லை. என்னிடமும் இல்லை.

(இந்தக் கொப்புளத்தை மூன்று முறை அழித்தேன். அழித்தால் அவர் மனிதராக இல்லை, என் பாடத்துக்குத் தலையாட்டும் பொம்மையாக இருந்தார்.)

அவர் கேட்டது சரிதான். மூளையால் கீழ்நோக்கியும் ஆணை அனுப்ப முடியும்: "சுட்டாலும் பிடி." சூடான தட்டைக் கீழே போடாமல் மேசைவரை ஓடியிருக்கிறீர்கள் அல்லவா? அது அந்த ஆணை. ஆனால் ஆணை போவதற்கு, சுடப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் முன்னோக்கி நடந்தார். தண்ணீர் தளும்பி வருவதைக் கண்ணால் பார்த்தார். பின்னோக்கி நடந்தவனோ கழுத்தைத் திருப்பி வழுக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்படியானால் கணவன் குற்றமற்றவன். அல்லது, ஒரு கணம் தெரிந்தே விட்டிருக்கலாம். மண்டையைத் திறந்து பார்த்தாலும் அந்தக் கணம் அங்கே எழுதியிருக்காது. நான் மதிக்கும் அறிவியல் இந்த இடத்தில் கையை விரிக்கிறது.

5

தையல்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் எழுதிக்கொடுக்காததைக் கேட்டாள்.

"அதிருக்கட்டும்ணே. அவ்வளவு பெரிய அண்டாவை எதுக்குக் கையில தூக்குனீங்க? வண்டி இல்லையா?"

"இருக்கு. சக்கரம்தான் இல்ல."

"எப்பலருந்து?"

"எப்பலருந்தா? நாங்க சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். 'பாத்துக்கலாம்'னாரு அந்த ஆளு."

"அந்த ஆளா நேத்து வந்து அவர் வேணும்னு விட்டாரான்னு கேட்டாரு?"

"அதே ஆளுதான்" என்றார் அண்ணன். சொல்லும்போதே முகம் மாறியது.

இப்போது என் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் என் மேலேயே பாய்கிறது. இத்தனை நேரம் தண்டுவடம், தலாமஸ் என்று உங்களை ஒரு கைக்குள்ளேயே சுற்றிக்காட்டினேன். அந்த மேற்பார்வையாளர் விரும்பியதும் அதைத்தானே! மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவர் நரம்பை ஒருவர் சந்தேகித்துக்கொண்டிருந்தால், சக்கரத்தைப் பற்றி எவன் கேட்கப்போகிறான்? அவர் அதிகாரத்தால் செய்ததை நான் அறிவால் செய்தேன். அண்டாவை விட்டது யார் என்பதல்ல கேள்வி. கொதிக்கும் தண்ணீரை மனிதக் கையில் ஏற்றியது யார்?

6

சாயங்காலம். மேற்பார்வையாளர் வந்தார். தையல்காரி எழுந்து நிற்கவில்லை.

"என்ன, யோசிச்சீங்களா?" அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "மாப்ள வேணும்னுதானே விட்டாரு?"

நான் எழுதிப்பார்த்த ஒரு முடிவில் அண்ணன் "ஆமா" என்கிறார். அவரைத் திட்ட என்னால் முடியவில்லை. அந்தக் கால் என்னுடையதல்ல. இன்னொன்றில் "சக்கரம் எங்கேய்யா?" என்கிறார். எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அவருடைய வைத்தியத்தை யார் பார்ப்பார்கள் என்று அந்த முடிவில் எழுத எனக்கு வரவில்லை. இரண்டையும் கிழித்துப்போட்டேன்.

அண்ணன் தங்கையைப் பார்க்கிறார். அவள் அவரைப் பார்க்கிறாள், கண் சிமிட்டாமல். இனி நடப்பதில் தண்டுவடத்துக்கு ஒரு பங்கும் இல்லை. பெரும்பாலோருக்கு இடது நெற்றிக்குப் பின்னால் பேச்சைக் கோக்கும் ஒரு பகுதி உண்டு. அங்கே சொல் தேர்வாகிறது. ஆணை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து நாக்கை அசைக்கும் நரம்புக்குப் போகிறது. கை விலகும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது நீண்ட பாதை. பயத்துக்கும் பாசத்துக்கும் கோபத்துக்கும் வழியில் ஏறிக்கொள்ள இடம் இருக்கிறது. கடைசி நொடியில்கூடச் சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.

அவருடைய உதடு பிரிந்துவிட்டது. மேற்பார்வையாளர் காதை முன்னால் நீட்டுகிறார். நான் பேனாவை வைத்துவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பது இப்போது நீங்கள். சொல்லுங்கள், என்ன கேட்கிறது?