மணிக்கு நிற்கும் வட்டம்

என் புருசன் அருட்செல்வன் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். மாமியார் கேட்டா, அயலட்டைச் சனம் கேட்டது, என்னைப் பெத்த அம்மாவே கேட்டா.

"அடிச்சவனோ பிள்ளை?"

"இல்லையம்மா."

"குடிக்கிறவனோ?"

"இல்லை. பின்னாலை வாறவர்."

"கட்டின மனுசன் பின்னாலை வாறதும் ஒரு குற்றமோ? அது பாசமடி."

பாசமாம். நாசமாய்ப் போன பாசம். சந்தைக்குப் போனால் மோட்டார் சைக்கிளில் நாலு வீடு தள்ளி வருவான். கிளினிக்குக்குப் போனால் எதிரே மதிலோரம் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பான். கிட்ட வரமாட்டான், கூப்பிடமாட்டான். வீட்டுக்கு வந்தால் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவும் மாட்டான், சோற்றைத் தின்றுவிட்டுப் படுப்பான். திரும்பிப் பார்க்காமலே அவன் எங்கே நிற்கிறான் என்று என் முதுகுக்குத் தெரியத் தொடங்கியது. தை மாதம் ஒருநாள் ஏழு வயது மகள் யதுசிகாவையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு வல்வெட்டித்துறையை விட்டு வந்தேன். மருதனார்மடத்துக்குக் கிட்ட மோட்டார் சைக்கிள் மட்டும் போகிற ஒரு ஒழுங்கைக்குள், இராசமலர் அக்கா வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்தேன். அம்மாவுக்குக்கூட இடம் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் எங்களைக் கண்டுபிடிக்கக்கூடாது.

ஒழுங்கையின் சந்திப் பக்கத்தில் தியாகலிங்கம் அண்ணையின் போட்டோக்கொப்பிக் கடை. அங்கேதான் வேலை. பின்னேரம் ஆட்கள் குறைந்ததும் கடைக் கொம்பியூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுவேன். சின்னப்பிள்ளை விளையாட்டுத்தான். நாம் ஒரு வட்டம். புள்ளிகளைத் தின்றால் பெருப்போம். சின்ன வட்டம் வந்தால் விழுங்கலாம், பெரியது வந்தால் ஓடவேண்டும். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருவார்கள். நான் எப்போதும் ஆள் குறைந்த ஒரே அறைக்குள்தான் போவேன். என் வட்டம் பச்சை, பெயர் பூசணி. சனிக்கிழமைகளில் யதுவும் கடைக்கு வந்து என் மடியில் இருந்து, "ஓடுங்கோ அம்மா, ஓடுங்கோ!" என்று கத்துவாள்.

ஓடித் தப்பி வந்தவளுக்கு ஓடுகிற விளையாட்டு கேட்குதோ என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். அதில் செத்தால் ஒரு பொத்தானை அமத்தி மறுபடி பிறக்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது.

பங்குனியில் அது வந்தது. பெயரே இல்லாத ஒரு சிவப்பு வட்டம். என்னைவிட இரண்டு மடங்கு பெரிது. நான் ஓடினேன், அதுவும் வந்தது. மூலையில் மாட்டிக்கொண்டேன், சரி, துலைஞ்சேன் என்று நினைத்தேன். அது விழுங்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றது. நான் அசைந்தால் அசைந்தது, நான் நின்றால் நின்றது. அடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. நான் பெருத்து அதைத் துரத்தினால் அளவாய்ப் பின்வாங்கி, மறுபடி முதுகுக்குப் பின்னால் வந்துவிடும்.

விழுங்கியிருந்தால் ஒரு தூசணம் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். விழுங்காததைத்தான் மறக்க முடியவில்லை. அதையே பார்த்துக்கொண்டு ஓடியதில் வேறு ஆட்களின் வாய்க்குள் நானாகவே போய் விழுந்தேன். பெயரை மாற்றியிருக்கலாம், வேறு அறைக்குப் போயிருக்கலாம். ஆனால் மாற்றினால் நான் பயந்துவிட்டேன் என்று அதற்குத் தெரிந்துவிடும் என்று ஒரு விசர் நினைப்பு. அதோடு, கண்ணுக்குத் தெரிகிற பேயைவிடத் தெரியாத பேய் மோசம். அது எனக்குப் பழகின பயம்.

"அண்ணை, ஆரோ என்னைக் கலைச்சுக்கொண்டு பின்னாலை வாறாங்கள்," என்றேன் தியாகலிங்கம் அண்ணையிடம்.

அவர் கண்ணாடியைத் தூக்கித் திரையைப் பார்த்தார். "உது விளையாட்டெல்லே பிள்ளை! மூடிப்போட்டுத் தேத்தண்ணியைக் குடி."

ஒழுங்கையின் மற்றப் பக்க முனையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். பின்னேரப் பூசைக்கு மணி அடித்தால், கையில் என்ன இருந்தாலும் வைத்துவிட்டுக் கும்பிடுவது எங்கள் பழக்கம். கத்தரிக்காய் வெட்டுகிறவளும் கத்தியை வைத்துவிட்டுக் கும்பிடுவாள். அருட்செல்வனும் அப்படித்தான். மணி கேட்டால் நடு றோட்டிலும் வண்டியை நிறுத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பான், மணி ஓயும்வரை திறக்கமாட்டான். வல்வெட்டித்துறையில் அந்த நேரம் பார்த்து எத்தனையோ தரம் நான் அவன் பார்வைக்குத் தப்பி ஒழுங்கை மாறியிருக்கிறேன்.

அன்றைக்கும் மணி கேட்டதும் மவுசை விட்டுக் கைகூப்பினேன். கண்ணைத் திறந்தபோது சிவப்பும் அசையாமல் நின்றது. மணி ஓய்ந்தது. நான் மவுசைத் தொடுமுன்னே சிவப்பு அசைந்தது.

தற்செயல் என்று என்னை நானே தேற்றினேன். மறுநாள் கண்ணை மூடவில்லை, மவுசை விடாமல் ஓடிக்கொண்டே இருந்தேன். மணியின் முதல் அடி விழுந்ததும் அது ஆணி அடித்தமாதிரி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து தீபாராதனைக்கு இரண்டாவது மணி அடித்தது. மறுபடியும் நின்றது.

உலகம் முழுக்க விளையாடுகிற விளையாட்டு. ஆனால் அந்த ஓட்டை மணி எங்கள் ஒழுங்கையைத் தாண்டிக் கேளாது. ஐயோ, இந்த ஒழுங்கைக்குள் இருந்துதான் ஆரோ என் பின்னால் வருகிறான். யது இந்த நேரம் வீட்டில் தனியாக இருப்பாள், இராசமலர் அக்கா கோயிலுக்குப் போயிருப்பா. பிள்ளை தனியே என்ற நினைப்பில் விழுந்தடித்து வீட்டுக்குப் போனேன், அவள் கொப்பி எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் சிவப்பு வந்து என் பச்சைக்குப் பின்னால் நின்ற உடனே, அது ஆரென்று பார்த்துவிட, கொம்பியூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழும்பி ஓடினேன்.

படலையைத் திறக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கிணற்றடியில் யது கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டு நின்றாள். கிணற்றுக்கட்டில் ஒரு போன். அதன் திரையில் சிவப்பு வட்டம், பக்கத்தில் நான் விட்டுவந்த பூசணி.

"அடி குரங்கே, நீயோ!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. அப்படியே கிணற்றடியில் குந்திவிட்டேன். மணி ஓய்ந்தது. அவளை இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சினேன். இரண்டு கிழமையாய் என் பிள்ளைக்குப் பயந்தா சோறு இறங்காமல் இருந்தேன்! இராசமலர் அக்காவின் போனை எடுத்து விளையாடியிருக்கிறாள், அவவுக்கு நல்ல ஏச்சுக் குடுக்கவேண்டும் என்று நினைத்தேன்.

"கோவமோ அம்மா?"

"இல்லையடி குஞ்சு. பிறகேன் என்னைப் பிடிக்காமல் பின்னாலையே வந்தனி?"

"அப்பிடித்தான் விளையாட வேணுமாம். அம்மாவைப் பிடிக்கக்கூடாதாம். விடாமல் பின்னாலை போனால் போதுமாம்."

"ஆர் சொன்னது?"

அவள் போனை எடுத்துத் துடைத்தாள்.

"அப்பா. இந்தப் போனும் அப்பா தந்தது. பள்ளிக்கூட வாசலிலை வைச்சுத் தந்தவர். நீங்கள் அழுவியள், சொல்லாதை எண்டவர்."

"அப்பாவுக்கு வீடு தெரியுமோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும் எனக்குப் பின்னாலை வாறவர். கோயிலடியிலை நிப்பார். உள்ளுக்கை வரமாட்டார்."

தீபாராதனை மணி அடித்தது. யது போனைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கைகூப்பினாள். நான் எழுந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு கையும் கூப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அருட்செல்வன் நின்றான்.

நான் கைகூப்பவில்லை. பிள்ளையின் கைகளைப் பிரித்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

"அம்மா, மணி அடிக்குது!"

"அடிக்கட்டும். சத்தம் போடாதை."

பின்வேலி பிய்ந்து நாய் புகுகிற அளவில் ஒரு பொட்டு இருந்தது. முதலில் அவளைத் தள்ளி, பிறகு நான் தவழ்ந்து வெளியே வந்தேன். முள் முதுகைக் கிழித்தது. முன்னால் வெங்காயத் தோட்டம், அதைத் தாண்டினால் பஸ் போகிற றோட்டு. போன் கிணற்றுக்கட்டிலேயே கிடந்தது. ஐயா, மணியை நிப்பாட்டிப்போடாதேயுங்கோ, இன்னும் கொஞ்சம் அடியுங்கோ என்று மனதுக்குள் ஐயரைக் கெஞ்சிக்கொண்டு, பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி பாத்திக்குள்ளால் ஓடினேன். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.