அறுபது டிகிரியில் நின்ற கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது என் அக்காவின் கதை. எழுதாதே என்று அவள் சொன்ன கதை. அக்கா பிசியோதெரபிஸ்ட். ஒடிந்து கூடிய பிறகு விறைத்துப்போன மூட்டுகளை மடக்கி நீட்டிப் பழக்குவது அவள் வேலை. ஊரார் வலியையெல்லாம் தன் வலியாக்கிக்கொள்ளும் சுபாவம் அவளுக்கு. சின்ன வயதில் நான் விழுந்து அடிபட்டால் எனக்கு முந்தி அவள் அழுதுவிடுவாள். கடைசியில் நான்தான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

(கேலி செய்வது போலிருக்கிறதா? கொஞ்சம் கேலிதான். இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: 'தையற்காரம்மா படிக்கட்டில் தவறி விழுந்த அன்று நல்ல மழை, தெருவெல்லாம்...' வேண்டாம். மழையில் ஆரம்பித்து ஏற்கெனவே மூன்று கதைகளைக் கெடுத்திருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்: தையற்காரம்மாவுக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை முடிந்திருந்தது. மிதி மெஷின்தான் பிழைப்பு. அதை மிதிக்க முழங்கால் தொண்ணூறு டிகிரியாவது மடங்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் பழக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும்.

அக்கா தினமும் கணுக்காலைப் பிடித்து மெல்ல மடக்குவாள். அறுபது டிகிரியில் தையற்காரம்மா பல்லைக் கடிப்பார். அக்காவுக்குத் தன் முழங்காலே விண்ணென்று தெறிக்கும்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"கொஞ்சம் வலிக்குது. பரவால்ல, நீங்க மடக்குங்க."

"வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்."

ஆறு வாரமும் இதுதான் நடந்தது. கால் அறுபதிலேயே நின்றுவிட்டது. கடைசி நாள் தையற்காரம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி வலிக்காம பாக்கறவங்க யாருமே இல்லம்மா" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்கா பிழைத்திருப்பாள்.

3

அதன் பிறகு அக்கா மாறினாள். இப்படி எழுதினால் நம்ப மாட்டீர்கள். அதனால் ஒரு லாரி டிரைவரைக் கூட்டிவருகிறேன். அவருக்கும் முழங்கால்தான்.

"மாத்திரை போட்டு அரைமணி ஆச்சா? சரி. தாங்க முடியலன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடுவேன். பத்து எண்ணிட்டு மறுபடி மடக்குவேன்."

"நெஞ்சுல ஈரமே இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. ஏழு, எட்டு..."

அவர் கால் நூற்றுப்பத்து டிகிரி மடங்கியது. நன்றிகூடச் சொல்லாமல் வண்டியோட்டப் போய்விட்டார். அன்று அக்கா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

(கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆசையாகத்தான் இருக்கிறது.)

4

முடிவு ஒன்று: இன்னொரு அறுவைசிகிச்சையில் தையற்காரம்மாவின் கால் சரியாகிறது. பொய். மறுபடி கத்திக்கு அவர் சம்மதிக்கவில்லை.

முடிவு இரண்டு: மெஷினில் பொருத்தும் மோட்டார் ஒன்றை அக்கா அவருக்கு வாங்கிக்கொண்டு போகிறாள். காலை நீட்டியபடியே பாதத்தால் அழுத்தினால் போதும், மெஷின் ஓடும்.

இதில் பாதி உண்மை. வாங்கிவிட்டாள். ஒரு வருடமாக அது பிரிக்காத அட்டைப்பெட்டியோடு அவள் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. மற்றவர்களிடம் கைவந்த உறுதி தையற்காரம்மா வீட்டுக்குப் போக மட்டும் வரவில்லை.

போன வாரம் கேட்டேவிட்டேன்.

"எப்பக்கா கொண்டுபோய்க் குடுக்கப்போற? அந்தம்மா ஒரு வருஷமா கையால பட்டன் தச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"அந்தம்மா கால எப்படிடா பாப்பேன்?"

அவள் கண் நிறைந்துவிட்டது.

"சரி, விடுக்கா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்த பிறகுதான், யார் சொன்னதை நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. வெட்கமாக இருக்கிறது.

5

எழுதியாவது பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்: 'அக்கா பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தையற்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே ஊன்றுகோல் சத்தம் நெருங்கி வந்தது. கதவு...'

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் என் அக்கா, கண் கலங்கினால் நான் நிறுத்திவிடுவேன். உங்களுக்கு அவள் யாரோ. அவள் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள், பத்து எண்ணுங்கள். பிறகு கதவைத் திறந்துவிடுங்கள்.