விட்டுப் படித்த வரிகள்

கைதி முகாமிலிருந்து அண்ணன் கொஸ்மேயின் அட்டை வந்த அன்று, அம்மா கொண்டைக்கடலை ஊறவைக்க மறந்துவிட்டாள். போர் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவன் இருந்தது தோற்ற பக்கத்தில். பென்சிலால் எட்டு வரி எழுத விட்டிருந்தார்கள். நான் உரக்கப் படித்தேன்.

"அம்மா, நான் நலம். பாதிரியாரிடம் ஒன்று, நீலச்சட்டைக் கட்சியின் ஊர்த் தலைவரிடம் ஒன்று, இரண்டு நன்னடத்தைச் சான்று வாங்கி முப்பதாம் தேதிக்குள் அனுப்புங்கள். படைக்கு அழைக்கப்பட்டுப் போனவர்களை வீட்டுக்கு விடுகிறார்கள். தானாகப் போய்ச் சேர்ந்தவர்களுக்குத் தனி வரிசை. என்னையும் பிளாஸையும் அழைத்துத்தான் கொண்டுபோனார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதைச் சொல்லச் சொல்லுங்கள்."

பிளாஸ் மூன்று வீடு தள்ளியிருக்கும் தெக்லா அத்தையின் மகன். அந்தத் தனி வரிசையில் நின்ற யாரும் எங்கள் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வரவில்லை.

போர் நடந்தபோது கொஸ்மேயிடமிருந்து பதினோரு கடிதங்கள் வந்தன. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடத்தைப் படைவீரர்கள் எடுத்துக்கொள்ளும்வரை படித்தவள் நான் என்பதால், எங்கள் கடிதங்களையும் தெக்லா அத்தையின் கடிதங்களையும் நான்தான் படித்துக் காட்டினேன். மூன்றாவது கடிதத்தில் இப்படி இருந்தது: "எங்க்ராசி, இதை அம்மாவுக்குப் படிக்காதே. எங்கள் வயதுக்காரர்களை இன்னும் அழைக்கவில்லை. நானும் பிளாஸும் நாங்களாகவே போய்க் கையெழுத்துப் போட்டோம். அம்மாவிடம் அழைத்தார்கள் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்." நான் இருமினேன். ஐந்து வரி தாண்டிப் படித்தேன். பிளாஸும் அதே வாரம் அதையே எழுதியிருந்தான். அங்கேயும் தாண்டினேன்.

வென்றவர்கள் ஊருக்குள் வந்ததும் எல்லோரும் கடிதங்களை எரித்தார்கள். தெக்லா அத்தையும் எரித்துவிட்டதாகச் சொன்னாள். அம்மா மட்டும் மாவு மூட்டைக்குள் ஒளித்து வைத்தாள். எரித்துவிடலாம் என்று இரண்டு முறை கெஞ்சினேன்.

"எரிக்கிறதா? அது என் புள்ளையோட கை மாதிரிடி. உன் கையை அடுப்புல வைப்பியா?" என்றாள். காரணத்தை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை துணி துவைக்கும் துறையிலிருந்து திரும்பியபோது, அம்மா கறுப்பு முக்காட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தாள். மாதக்கணக்கில் காணாத சிரிப்பு முகத்தில்.

"கடுதாசி பதினொன்னையும் பாதிரியார்கிட்ட கொடுத்துட்டேன். 'நீங்களே பாருங்க சாமி, என் புள்ள ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருக்கானா? கோவேறு கழுதைய விசாரிச்சிருக்கான், தேவமாதா திருநாள விசாரிச்சிருக்கான். இதவிட என்ன சாட்சி வேணும்?'னு கேட்டேன்."

ஈரத்துணிக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

பாதிரியார் இலாரியோவின் வீட்டுக் கதவைச் சமையல்காரி கசில்தா திறந்தாள். "விசென்தா பொண்ணு பூனக்குட்டி மாதிரி வந்து நிக்குது, சாமி! வாய் இருக்கா இல்லையான்னு நீங்களே கேளுங்க."

அவர் மேசையின் கீழ் கணப்புச் சட்டி வைத்து, போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். போரின்போது தோற்ற பக்கத்தாருக்குப் பயந்து ஒளிந்து, திராட்சை மதுக் கிடங்கின் இருட்டில் பதினாலு மாதம் கழித்தவர். இரண்டு கண்ணிலும் புரை. கடிதக்கட்டு அவிழ்க்கப்படாமல் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

"நல்ல நேரத்துல வந்த. எனக்கு எழுத்து புகையாத் தெரியுது. கசில்தாவுக்கு ஆனா ஆவன்னாவே தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சாமிக்கு வயித்தக் கெடுக்காத சூப்புதான்" என்றாள் கசில்தா.

"படி, பெண்ணே."

படித்தேன். மூன்றாவதில் இருமாமல் தாண்டினேன். கழுதைக்கு லாடம் அடிக்கச் சொன்ன இடத்தில் அவர் சிரித்தார். பதினொன்றும் முடிந்ததும் பேனாவைத் தேடி எடுத்தார்.

"நல்ல பையன். எழுதித் தரேன். இந்தக் கடுதாசிகளையும் சேர்த்தே முகாமுக்கு அனுப்பிடலாம். அங்க இருக்கிற அதிகாரிங்க என் வார்த்தைய விட இதத்தான் நம்புவாங்க."

"வேண்டாம் சாமி. அம்மாவுக்கு இது மட்டும்தான் இருக்கு."

"அவனே வரப்போறான், அப்புறம் காகிதம் எதுக்கு? கசில்தா, பெரிய உறை ஒண்ணு எடு."

கசில்தா உறையைக் கொண்டுவந்தாள். நான் மூன்றாவது கடிதத்தை உருவி, போர்வையைத் தூக்கி, கணப்புச் சட்டிக்குள் திணித்தேன். காகிதம் பற்றிக்கொண்டது.

"ஐயோ சாமி, கடுதாசிய நெருப்புல போட்டுட்டா!"

பாதிரியார் புகை வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அதுல என்ன இருந்தது?"

மிச்சக் கடிதங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"அவன அழைச்சாங்களா, அவனாப் போனானா?"

"அழைச்சாங்க."

"சிலுவையத் தொட்டுச் சொல்லு."

தொட்டேன். சொன்னேன்.

"என் தம்பியும் பாதிரியார்தான். அவன வீட்டுலேருந்து இழுத்துட்டுப் போய்ச் சுட்டவங்கள யாரும் படைக்கு அழைக்கல, பெண்ணே. அவங்களா வந்தாங்க."

பிறகு குனிந்து, காகிதத்தில் மூக்கு படும்படி எழுதினார். கொஸ்மே இந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றான். முதல் நற்கருணை வாங்கினான். பெற்றோர் முறைப்படி மணமானவர்கள். கையெழுத்து. அழைக்கப்பட்டானா, தானாகப் போனானா என்று ஒரு சொல் இல்லை.

"சாமி, இன்னும் ஒரு வரி…"

"இதுக்கு மேல என் கை போகாது. மத்த கடுதாசிய எடுத்துட்டுப் போ."

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னைக் கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்துக்குக் கை ஓங்கியவள் அப்படியே நின்றாள்.

"பிளாஸும் அதே எழுதினானா?"

"ஆமா. ஆனா தெக்லா அத்த எல்லாத்தையும் எரிச்சிட்டாங்களே."

"எரிக்கலடி." அம்மா ஓங்கிய கையை இறக்கினாள். "அவளும் என்ன மாதிரிதான். கோழிக்கூட்டுக்கு அடியில வெச்சிருந்தா. காலைல நான்தான் சொன்னேன், 'பாதிரியார்கிட்ட நான் கொடுத்துட்டேன், நீ நேரா நீலச்சட்டைத் தலைவன்கிட்டயே கொண்டு போ, ரெண்டு பேருக்கும் வேலை ஆகும்'னு."

முக்காடு இல்லாமல் தெருவில் இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். நீரூற்றைத் தாண்டும் முன்பே தெக்லா அத்தை எதிரே மேடேறி வந்தாள். தலையை வாரி ஞாயிற்றுக்கிழமைச் சால்வை போர்த்தியிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"வாங்கிக்கிட்டான், விசென்தா! உக்காருன்னு கூடச் சொன்னான். சாப்பிட்டுட்டு ஒண்ணு விடாமப் படிக்கிறேன்னான். உன் கொஸ்மே பேரும் அதுல நெறைய வரும்னு நானே சொல்லிட்டேன், அவனுக்கும் ஒதவட்டும்னு. என்னடி, ஏன் இப்படிப் பாக்கற?"

அம்மா அவளைத் தாண்டிப் போனாள். கட்சி அலுவலகக் கதவு சாப்பாட்டு நேரத்துக்காகச் சாத்தியிருந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் அதைத் தட்டத் தொடங்கினாள். திறந்தால் என்ன சொல்லிக் கேட்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. உள்ளே யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழும் சத்தம் கேட்டது.