மீதியில்லாத நம்பர்

ஆறு வருஷம் காத்திருந்து மந்தைவெளி வீட்டுக்கு வந்த டெலிபோனின் நம்பரைப் பார்த்ததும் ஜவஹருக்கு முகம் தொங்கிப்போனது. 4937284. வாயிலும் நுழையாது, மனசிலும் தங்காது. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சித்தப்பாவின் நம்பரையோ குழந்தைகூடச் சொல்லிவிடும்.

கல்லூரியில் கணக்கு நடத்தும் அவர் மனைவி சண்முகவடிவு, பெரிய எண் எதைக் கண்டாலும் வர்க்கமூலம் எடுத்துப் பார்க்காமல் விடமாட்டாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் காலண்டர் தாளின் பின்பக்கம் வகுத்துக்கொண்டே போனவள், கரண்டியோடு கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"மீதியே வரலைங்க! ரெண்டாயிரத்து இருநூத்தி இருபத்திரெண்டை அதாலயே பெருக்கினா நம்ம நம்பர்!"

ஜவஹருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கடைக்கு போன் போட்டார்.

"சித்தப்பா, வீட்டுக்கு போன் வந்துட்டு. நம்பரா? ரெண்டை நாலு தடவ எழுதி, வந்த எண்ணை அதாலயே பெருக்குங்க!" பட்டென்று வைத்துவிட்டார். "பாவம், அவங்களைப் போய்..." என்று வடிவு கடிந்துகொண்டாள்.

குழம்பை இறக்குவதற்குள் அந்த வீட்டில் முதல்முறையாக மணி அடித்தது. ஜவஹர் பாய்ந்து எடுத்தார்.

"ஏலே, பெருக்குனது சரிதானா?" என்றது சித்தப்பாவின் குரல்.